அல்-லத்தீஃப்: துயரத்தில் இருப்பவரிடம் இந்தப் பெயரைச் சொல்வது சரிதானா?

மழைத்துளி

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் திருநாமங்களில் 'அல்-லத்தீஃப்' பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், என் தங்கை குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இழந்துவிட்டாள். பார்க்க வந்தவர்களில் பலர், "அல்லாஹ் லத்தீஃப் அம்மா, நமக்குத் தெரியாத நன்மை ஏதாவது இதில் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் முன்னால் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு என்னைக் கேட்டாள்: "லத்தீஃப் என்றால் மென்மையாக நடந்துகொள்பவன் என்றுதானே படித்தோம்? இது மென்மையா?"

ஈமானில் (இறைநம்பிக்கையில்) குறை வந்து கேட்ட கேள்வி இல்லை அது. வலியில் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சும்மா ஆறுதலுக்கு ஒரு வரி வேண்டாம். இந்தப் பெயர் உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும்.

வழிப்போக்கன்

வஅலைக்குமுஸ்ஸலாம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் (நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள்). அல்லாஹ் உங்கள் தங்கைக்குப் பொறுமையைத் தருவானாக.

லத்தீஃப் என்பதில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எவ்வளவு நுணுக்கமான விஷயமானாலும் அறிபவன். இன்னொன்று, அடியார்களுக்கு வேண்டியதை அவர்கள் அறியாத வழியில் இதமாகச் சேர்ப்பிப்பவன். வந்தவர்கள் இரண்டாவது பொருளைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "நீங்கள் வெறுக்கும் ஒன்று உங்களுக்கு நன்மையாக இருக்கக்கூடும்" என்று குர்ஆனில் 2:216-இல் (2-ஆம் அத்தியாயம், 216-ஆம் வசனம்) வருகிறது. எனவே அவர்கள் சொன்னதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

தேடல்

பொருள் சரி. ஆனால் பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? அதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதும் இருக்கிறதே. 2:216 ஒரு சமுதாயத்துக்குப் போர் கடமையாக்கப்பட்டபோது இறங்கிய வசனம். அதன் கருத்து பொதுவானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் எடுத்த எடுப்பில் ஓதிக்காட்டும்படி யார் சொன்னது?

அகராதியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, குர்ஆனில் இந்தப் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பார்த்தால் நல்லது. ஒரு பெயரை அல்லாஹ் எந்த இடத்தில் வைக்கிறான் என்பதிலேயே பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

ஆலிமா வாசகி

சகோதரர் தேடல் சொன்ன வழிதான் எனக்கும் பிடித்த வழி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'லத்தீஃப்' குர்ஆனில் ஏழு இடங்களில் வருகிறது: 6:103, 12:100, 22:63, 31:16, 33:34, 42:19, 67:14. இதில் ஐந்து இடங்களில் 'கபீர்' என்ற பெயரோடு சேர்ந்தே வருகிறது. கபீர் என்றால் உள்விவரம் முழுவதையும் அறிந்தவன். நுட்பமாகச் செயல்பட வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் இந்த இரண்டும் பெரும்பாலும் பிரியாமல் வருகின்றன.

6:103: பார்வைகள் அவனை எட்டாது, அவன் பார்வைகளை எட்டுகிறான். 67:14: படைத்தவன் அறியமாட்டானா? 33:34-இல் நபியவர்களின் துணைவியரிடம், உங்கள் வீடுகளில் ஓதப்படும் வசனங்களையும் ஞானத்தையும் நினைவில் கொள்ளுங்கள் என்று சொல்லி இந்தப் பெயர்களோடு முடிகிறது. வீட்டுக்குள் நடப்பதையும் அறிபவன் என்ற பொருள் அதில் இருக்கிறது.

31:16-இல் லுக்மான் தம் மகனிடம் பேசுகிறார். ஒரு செயல் கடுகு விதையின் எடை அளவே இருந்தாலும், அது ஒரு பாறைக்குள்ளோ வானங்களிலோ பூமியிலோ இருந்தாலும், அல்லாஹ் அதைக் கொண்டுவருவான் என்கிறார். கவனியுங்கள், "அறிவான்" என்று நிறுத்தவில்லை, "கொண்டுவருவான்" என்கிறார். பாறையை உடைப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. 22:63-இல் வானிலிருந்து நீர் இறங்குகிறது, பூமி பசுமையாகிவிடுகிறது. நடுவில் மண்ணுக்குள் நடக்கும் வேலை நம் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தெரியாத நடுப்பகுதிக்குத்தான் 'லத்தீஃப்' என்ற பெயர் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மீதி இரண்டு இடங்கள் தனி ரகம். 42:19: "அல்லாஹ் தன் அடியார்களிடம் லத்தீஃபாக இருக்கிறான், தான் நாடியவர்களுக்கு உணவளிக்கிறான், அவன் வலிமை மிக்கவன், யாவரையும் மிகைத்தவன்." இங்கே கபீருக்குப் பதில் 'கவிய்யு', 'அஸீஸ்' வருகின்றன. வேறு வழியில்லாமல் மென்மையாக இருப்பவன் அல்ல அவன். எதையும் செய்யும் வலிமை இருந்தும் இதமாக நடத்துகிறான். இதைப் பிரித்துப் பார்த்தால் பெயர் சிறுத்துவிடும்.

கடைசியாக 12:100. நபி யூசுஃப் (அலை) சொன்னது: "என் இறைவன் தான் நாடியதற்கு லத்தீஃபாக இருக்கிறான்." ஏழு இடங்களில் இது ஒன்றில்தான் ஒரு மனிதர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து இந்தப் பெயரைச் சொல்கிறார். உங்கள் தங்கையின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

மழைத்துளி

ஜஸாகல்லாஹு கைரன் சகோதரி, இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. யூசுஃப் நபி இதைச் சொன்னது எகிப்தில் அதிகாரம் கைக்கு வந்து, பெற்றோரை அரியணையில் அமர்த்திய பிறகு. கனவு பலித்துவிட்டது, குடும்பம் சேர்ந்துவிட்டது. அந்த நிலையில் "என் இறைவன் லத்தீஃப்" என்று யாரும் சொல்லலாம். என் தங்கையோ, சகோதரர்கள் போட்ட கிணற்றில் யூசுஃப் இருந்ததைப் போல, இன்னும் கிணற்றுக்குள் இருக்கிறாள்.

வழிப்போக்கன்

கிணற்றுக்குள்ளும் அவருக்குச் செய்தி வந்ததே! 12:15 பாருங்கள். சகோதரர்கள் அவரைக் கிணற்றின் ஆழத்தில் போட ஒருமனதாக முடிவெடுத்தபோது, "இவர்கள் செய்த இந்தக் காரியத்தை இவர்கள் உணராத நிலையில் நீர் இவர்களுக்கு எடுத்துச் சொல்வீர்" என்று அல்லாஹ் அவருக்கு அறிவித்தான். ஆக, இருட்டிலேயே நம்பிக்கை கொடுக்கப்பட்டது. நாமும் அதைத்தானே செய்கிறோம்?

தேடல்

சகோதரரே, நீங்கள் எடுத்த வசனம் அருமையானது. அதையே இன்னொரு முறை வாசியுங்கள். கிணற்றில் அவரிடம் பேசியது யார்? அல்லாஹ். என்ன சொன்னான்? "இது நன்மைக்குத்தான்" என்றா? இல்லை. "இவர்கள் செய்த இந்தக் காரியம்" என்றுதான் சொன்னான். நடந்தது குற்றம் என்பதை மூடி மறைக்கவில்லை. அதைத் தாண்டி ஒரு நாள் வரும் என்று மட்டும் வாக்களித்தான். மறைவானதை அறிந்தவன் அப்படி வாக்களிக்கலாம். நமக்கு வரப்போவது என்ன தெரியும்?

அதே ஸூராவில் (அத்தியாயத்தில்) மகனை இழந்த தகப்பனையும் பாருங்கள். யஃகூப் (அலை) அழுது அழுது கண்கள் வெளுத்துப் போனதாக 12:84 சொல்கிறது. அவரும் நபி, அவருக்கும் இறைவன் லத்தீஃப் என்று தெரியும். பக்கத்தில் இருந்த மகன்கள் என்ன சொன்னார்கள்? "யூசுஃபை நினைத்து நினைத்தே நீங்கள் நலிந்து போவீர்கள், அல்லது அழிந்தே போவீர்கள்" என்றார்கள் (12:85). அவர் சொன்ன பதில்: "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" (12:86). அவர் அழுததை அல்லாஹ் எந்த இடத்திலும் கண்டிக்கவில்லை. மகன்கள் வாயை அடைக்கப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வந்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அழுகையை நிறுத்தச் சொல்ல அல்லாஹ்வின் ஒரு பெயரைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதிரொளி

நான் கிறிஸ்தவன். இந்த இழையை ஆர்வமாக வாசித்து வருகிறேன், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வேதத்திலும் யோசேப்பு சகோதரர்களிடம், நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியச் செய்தார் என்ற கருத்தில் பேசுகிறார் (ஆதியாகமம் 50:20). அங்கேயும் அதைச் சொல்வது பாதிக்கப்பட்டவர்தான். சகோதரர்கள் யோசேப்பைப் பார்த்து "பார், எல்லாம் நன்மையாகத்தானே முடிந்தது" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவே கூசுகிறது. அதனால் தேடல் சொல்வது எனக்குப் புரிகிறது.

ஒரு கேள்வி: குர்ஆனில் யூசுஃப் சகோதரர்களை அந்த இடத்தில் குற்றம் சாட்டுகிறாரா?

ஆலிமா வாசகி

நல்வரவு. நீங்கள் கேட்ட கேள்விதான் எனக்கு இந்த வசனத்திலேயே ரொம்ப விருப்பமான பகுதி.

12:100-இல் அவர் தமக்குக் கிடைத்த நன்மைகளை எண்ணிச் சொல்கிறார். "என்னைச் சிறையிலிருந்து வெளியேற்றினான்." அடுத்து, "உங்களைக் கிராமப்புறத்திலிருந்து இங்கே கொண்டுவந்தான்." கிணறு எங்கே போயிற்று? கதையே அங்கேதானே தொடங்கியது! கிணற்றைச் சொன்னால் எதிரே நிற்கும் சகோதரர்கள் தலைகுனிய வேண்டியிருக்கும். ஏற்கெனவே 12:92-இல் "இன்று உங்கள் மீது எந்தப் பழியும் இல்லை" என்று மன்னித்துவிட்டார். மன்னித்த பிறகு குத்திக்காட்டுவது அழகல்ல என்பதால் கிணற்றை விட்டுவிட்டார் என்று தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை) ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. "எனக்கும் என் சகோதரர்களுக்கும் இடையில் ஷைத்தான் பிளவை உண்டாக்கிய பிறகு" என்கிறார். 'அவர்கள் எனக்குச் செய்த பிறகு' என்று சொல்லவில்லை. தம்மையும் அவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, பழியை ஷைத்தான் மேல் போட்டுவிட்டார். இந்தச் சொற்களுக்கு அடுத்த சொல்தான் "இன்ன ரப்பீ லத்தீஃப்". இறைவனை லத்தீஃப் என்று சொல்லும் அதே மூச்சில் அவரே சகோதரர்களிடம் எவ்வளவு இதமாக நடந்துகொள்கிறார், பாருங்கள். யோசேப்பின் வரலாற்றில் உங்கள் வேதமும் எங்கள் வேதமும் சில இடங்களில் வேறுபடும். இந்த இடத்தில் அவருடைய பெருந்தன்மை இரண்டிலும் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறையில் இருந்தபோது, விடுதலையாகப் போகும் தோழரிடம் "உம் எஜமானரிடம் என்னைப் பற்றிச் சொல்லும்" என்று கேட்டுக்கொண்டார். அந்த மனிதர் மறந்துபோனார். அதனால் இன்னும் சில ஆண்டுகள் சிறை (12:42). ஒரு மனிதனின் மறதியால் ஒரு நபியின் வாழ்க்கையில் ஆண்டுகள் போகின்றன. அதே மனிதருக்கு மன்னர் கனவு கண்ட அன்று நினைவு வருகிறது. ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்னும் கனவு. யாராலும் விளக்கம் சொல்ல முடியவில்லை. முன்பே நினைவு வந்திருந்தால் யூசுஃப் ஒருவேளை வெளியே வந்து ஒரு சாதாரண ஆளாக வாழ்ந்திருப்பார். இப்போதோ மன்னருக்கு அவர் தேவைப்படுகிறார். அப்போதும் அவர் உடனே ஓடிவரவில்லை. முன்பு தம் அழகைக் கண்டு கையை வெட்டிக்கொண்ட பெண்களின் விவகாரத்தை முதலில் விசாரிக்கச் சொல்கிறார் (12:50). பஞ்ச காலத்தில் எத்தனை குடும்பங்கள் அவர் கனவுக்கு விளக்கம் சொல்லிச் சேமிக்கச் சொன்ன தானியக் களஞ்சியத்தால் பிழைத்திருக்கும்!

ஆனால் சிறையில் கழிந்த ஆண்டுகள் சிறையில் கழிந்த ஆண்டுகள்தான். அவை இல்லை என்று குர்ஆன் சொல்லவில்லை. லத்தீஃப் என்றால் வலிக்காமல் பார்த்துக்கொள்பவன் என்று நாமாக ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், தங்கை கேட்ட கேள்வி வரத்தான் செய்யும். வலியின் ஊடாகவும் தன் நாட்டத்தைக் கைவிடாமல், யாருக்கும் தெரியாத வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் என்றுதான் இந்த ஸூரா கற்றுத்தருகிறது.

பழைய ஏடு

அறிஞர்கள் சொன்னதையும் கொஞ்சம் சேர்த்துவிடுகிறேன்.

ஹிஜ்ரி 388-இல் மறைந்த கத்தாபி, லத்தீஃப் என்பவன் அடியார்கள் அறியாத புறத்திலிருந்து அவர்களுக்கு இதம் செய்பவன், அவர்கள் எதிர்பாராத புறத்திலிருந்து அவர்களுடைய நலன்களுக்குக் காரணங்களை உண்டாக்குபவன் என்ற கருத்தில் விளக்குகிறார். பின்னால் வந்த பலர் இதையே எடுத்தாண்டிருக்கிறார்கள்.

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) ஒரு நிபந்தனை வைக்கிறார். நலன்களின் நுணுக்கத்தை அறிந்தால் மட்டும் போதாது, அதைச் சேர்ப்பிக்கும்போது கடுமையை விட்டு மென்மையான வழியைப் பின்பற்றினால்தான் லத்தீஃப் என்ற பெயர் பொருந்தும் என்கிறார். அறிவிலும் நுட்பம், செயலிலும் மென்மை. இரண்டும் முழுமையாக அல்லாஹ்விடம் மட்டுமே உண்டு. எடுத்துக்காட்டாகக் கருவில் இருக்கும் குழந்தையைச் சொல்கிறார். தாயின் வயிற்றில் இருக்கும்வரை தொப்புள் வழியாக உணவு, பிறந்ததும் இருட்டில்கூட மார்பைத் தேடிக் குடிக்கும் உள்ளுணர்வு. பால் மட்டுமே குடிக்கும் காலத்தில் பல் தேவையில்லை, அதனால் முளைப்பதில்லை, தேவைப்படும்போது முளைக்கிறது. அதிலும் அரைக்க ஒரு வகை, கிழிக்க ஒரு வகை, வெட்ட ஒரு வகை. ஒரு கவளம் உணவு வாய்க்கு வருவதற்கு உழுதவர், விதைத்தவர், அறுத்தவர், அரைத்தவர், பிசைந்தவர் என்று எண்ண முடியாத பேர் உழைத்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். அந்த இடத்தைப் படித்தால் சாப்பிடும்போது நினைவு வரும்.

(மழைத்துளி, கருவைப் பற்றிய இந்த உதாரணம் உங்கள் தங்கைக்கு இப்போது வேண்டாம். அது நம் படிப்புக்காக.)

இப்னுல் கய்யிம் (மறைவு 1350) தம் நீண்ட கவிதையில் இந்தப் பெயரை இரு வகையாகப் பிரிக்கிறார்: காரியங்களின் மறைவான உட்பொருளை அறிவது, நன்மை செய்யும் இடங்களில் காட்டும் இதம். இரண்டாவது வகையில் ஓர் அழகு இருக்கிறது. நன்மை வருவது வெளியே தெரியும், வந்த வழிதான் மறைந்திருக்கும்.

முஃதஸிலாக்கள் என்ற இறையியல் பிரிவினர் அடியார்களுக்கு லுத்ஃப் (லத்தீஃபின் மூலச்சொல், இதம்) செய்வது இறைவனுக்குக் கடமை என்றார்கள், அஷ்அரிகள் என்ற இன்னொரு பிரிவினர் அவனுக்குக் கடமை என்று எதுவும் இல்லை, எல்லாம் அவன் அருள் என்றார்கள். அது பெரிய விவாதம். இங்கே வேண்டாம்.

ஓதுபவன்

எல்லாம் சரி, ஆனால் பெயரின் பொருளைப் பேசிக்கொண்டே இருந்தால் போதுமா? 7:180 "அவற்றைக் கொண்டே அவனை அழையுங்கள்" என்கிறது. 'யா லத்தீஃப்' என்று 129 முறை ஓதும் வழக்கம் பெரியவர்களிடமிருந்து வந்தது. அப்ஜத் கணக்கில் லாம் 30, தோ 9, யா 10, ஃபா 80. ஆக 129. சங்கடம் வந்தால் இதை ஓதச் சொல்லித்தான் எங்கள் ஹஸ்ரத் கற்றுத்தந்தார். சகோதரி தன் தங்கையை ஓதச் சொல்லட்டும். மனம் அமைதியாகும்.

தேடல்

ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. 129 என்ற எண்ணுக்கு நபிமொழியில் ஆதாரம் உண்டா? எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டுவது ஒரு பழைய கணக்குமுறை. மார்க்கத்தில் ஒரு எண்ணைக் குறிப்பிட்டுச் சிறப்பு சொல்ல வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம். 128-இல் நிறுத்தினால் குறைந்துவிடும் என்ற எண்ணம் வந்தால் அது கவலைக்குரியது.

ஓதுபவன்

குறைந்துவிடும் என்று நான் சொல்லவே இல்லை. மனம் சிதறாமல் இருக்க ஓர் அளவு வைத்துக்கொள்கிறோம். நபியவர்கள் தடுக்காத ஒன்றை ஒழுங்காகச் செய்வதை பித்அத் (மார்க்கத்தில் புகுத்திய புதுமை) என்று தள்ளிவிட முடியுமா? பல நூற்றாண்டுகளாக உலமாக்கள் ஓதி வந்தது இது.

பழைய ஏடு

இதில் இரண்டு பக்கமும் அறிஞர்கள் இருக்கிறார்கள். இன்றே தீராது. வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் பிடிக்கும்.

1930 மே 16 அன்று, பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த மொராக்கோவில் ஒரு ஆணை வந்தது. பெர்பர் குலத்தவரை ஷரீஆ நீதிமன்றங்களிலிருந்து பிரித்துத் தனி வழக்கங்களின் கீழ் கொண்டுவரும் ஆணை. மக்கள் இதை ஒரே சமுதாயத்தை இரண்டாக வெட்டும் வேலையாகப் பார்த்தார்கள். சலே நகரின் பெரிய பள்ளிவாசலில் கூடி 'யா லத்தீஃப்' ஓதினார்கள். பிறகு ரபாத், ஃபெஸ் என்று பரவியது. பேரிடர் நேரத்தில் ஓதும் அந்த துஆவின் கடைசியில், எங்களையும் எங்கள் பெர்பர் சகோதரர்களையும் பிரித்துவிடாதே என்று சேர்த்து ஓதினார்கள். மொராக்கோவின் விடுதலை இயக்க வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை விடுவதே இல்லை.

மேலே ஆலிமா வாசகி 42:19-ஐப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது. மென்மையைக் குறிக்கும் பெயரை ஒரு வல்லரசுக்கு எதிரே நின்று ஓதியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு அடுத்து 'வலிமை மிக்கவன்' என்று வருவது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

சிறகு

புதிதாக மார்க்கம் படிக்கிறேன், இரண்டு சின்னக் கேள்விகள். 99 பெயர்களின் பட்டியலே நபியவர்கள் சொன்னதுதானா? 'லத்தீஃப்' என்று மனிதருக்குப் பெயர் வைக்கலாமா?

ஆலிமா வாசகி

99 பெயர்கள் உண்டு, அவற்றை முறையாகக் கைக்கொள்பவர் சொர்க்கம் நுழைவார் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. அதில் பட்டியல் இல்லை. பட்டியல் திர்மிதீ என்ற இன்னொரு தொகுப்பின் அறிவிப்பில் வருகிறது. அதை அறிவிப்பாளர் யாரோ சேர்த்தது என்பதே ஹதீஸ் கலை அறிஞர்கள் பலரின் முடிவு. லத்தீஃப் குர்ஆனிலேயே இருப்பதால் இதற்கு அந்தக் கேள்வி எழாது.

பெயர் வைப்பது பற்றி: அப்துல் லத்தீஃப் என்பது சிறந்தது. 'அர்ரஹ்மான்' போலச் சில பெயர்கள் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியவை. கரீம், லத்தீஃப் போன்ற சொற்களை மனிதருக்கு உரிய பொருளில் சொல்லலாம். 9:128-இல் நபியவர்களையே 'ரஊஃப்', 'ரஹீம்' என்று அல்லாஹ் சொல்கிறான்.

மழைத்துளி

எல்லாருக்கும் நன்றி. 12:86-ஐ மட்டும் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். யஃகூப் நபி அழுததை அல்லாஹ் கண்டிக்கவில்லை என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அவருக்கு யூசுஃப் திரும்பக் கிடைத்தாரே. எனக்கு?"

இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

தேடல்

இந்த உலகத்தில் திரும்பக் கிடைக்காது. அதை மறைத்துப் பேசினால் அவள் நம்மை நம்பமாட்டாள்.

திர்மிதீயில் ஒரு நபிமொழி இருக்கிறது. அடியானின் குழந்தை இறக்கும்போது அல்லாஹ் வானவர்களிடம் கேட்கிறான்: "என் அடியானின் குழந்தையைக் கைப்பற்றினீர்களா?" ஆம் என்கிறார்கள். "அவன் உள்ளத்தின் கனியைக் கைப்பற்றினீர்களா?" ஆம் என்கிறார்கள். "என் அடியான் என்ன சொன்னான்?" உன்னைப் புகழ்ந்தான், இன்னா லில்லாஹி சொன்னான் என்கிறார்கள். "அவனுக்குச் சொர்க்கத்தில் ஒரு வீடு கட்டுங்கள், அதற்குப் புகழின் வீடு என்று பெயரிடுங்கள்" என்கிறான்.

வீட்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். எல்லாம் அறிந்தவன் ஏன் ஒன்றையே இரண்டு முறை கேட்க வேண்டும்? முதலில் 'குழந்தை' என்கிறான், அடுத்து 'உள்ளத்தின் கனி' என்கிறான். போனது என்ன என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்த அளவுக்கு அவனுக்கும் தெரியும் என்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது. உன் இழப்பு சின்னது, இதில் நன்மை இருக்கிறது, எழுந்து வா என்று அங்கே ஒரு சொல் இல்லை. லத்தீஃப், கபீர் இரண்டும் சேர்ந்து வருவதன் பொருளை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

வழிப்போக்கன்

தேடல், கண் கலங்கிவிட்டது. நீங்கள் மறுப்பது அந்த நம்பிக்கையை அல்ல, அதைச் சொல்லும் விதத்தை என்று இப்போது நன்றாகப் புரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். துயர வீட்டுக்குப் போகிறவர் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா? எதையாவது சொல்லத்தானே வேண்டும்? நபியவர்கள் என்ன செய்தார்கள்?

ஆலிமா வாசகி

புகாரியில் இருக்கிறது. நபியவர்களின் மகள் ஒருவர், தம் குழந்தை இறக்கும் தறுவாயில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். நபியவர்கள் பதில் சொல்லி அனுப்பினார்கள்: "அல்லாஹ் எடுத்தது அவனுக்கு உரியது, அவன் கொடுத்ததும் அவனுக்கு உரியது. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் குறிப்பிட்ட தவணை உண்டு. பொறுமையாக இருந்து நற்கூலியை எதிர்பார்க்கட்டும்." மகள் விடவில்லை, நேரில் வந்தே ஆக வேண்டும் என்று மறுபடி சொல்லி அனுப்பினார். உடனே எழுந்து போனார்கள். குழந்தையைக் கையில் கொடுத்தார்கள், மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நபியவர்களின் கண்கள் பெருகின. கூட இருந்த ஸஅத் (ரலி), "அல்லாஹ்வின் தூதரே, இது என்ன?" என்று வியந்து கேட்டார். "இது அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளங்களில் வைத்த இரக்கம்" என்றார்கள்.

அவர்கள் சொல்லி அனுப்பிய அந்தச் சொற்களைத்தான் நாம் சொல்ல வேண்டும். அவற்றில் இழப்பு இருக்கிறது, உரிமையாளன் யார் என்பது இருக்கிறது, தவணை இருக்கிறது. நன்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்ற ஊகம் இல்லை.

லுத்ஃப் என்ற சொல் மனிதர்களுக்கிடையே எப்படிப் புழங்கியது என்பதற்கும் ஓர் இடம் உண்டு. தம் மீது அவதூறு பரப்பப்பட்ட நாட்களைப் பற்றி நபியவர்களின் துணைவி ஆயிஷா (ரலி) சொல்லும்போது, தாம் நோயுற்றால் நபியவர்களிடம் வழக்கமாகக் காணும் லுத்ஃபை அந்த முறை காணவில்லை என்கிறார். அதாவது, நோயுற்றிருக்கும்போது அவர்கள் காட்டும் தனிப் பரிவு. பக்கத்தில் வந்து நிற்பது, விசாரிப்பது. அது குறைந்ததும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. லுத்ஃப் என்பது நோயாளிக்குத் தெரியும்படி இருந்திருக்கிறது.

ஓதுபவன்

மாஷா அல்லாஹ். எண்ணிக்கை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் மழைத்துளி, தங்கையை ஓதச் சொல்லும்படி முதலில் எழுதினேன் அல்லவா, அவரைச் சொல்ல வேண்டாம். இன்று இஷாவுக்குப் பிறகு அவருக்காக நான் ஓதி துஆ கேட்கிறேன்.

மழைத்துளி

ஆமீன். ஓதுங்கள், எத்தனை முறை என்று நான் கேட்கமாட்டேன்.

நாளை மாமியார் வீட்டுப் பக்கத்திலிருந்து பெண்கள் வருகிறார்கள். ஆலிமா வாசகி எழுதிய அந்த நபிமொழியைத் தாளில் எழுதி, முதலில் வருகிற மூத்தவர் கையில் கொடுத்துவிடப் போகிறேன். வேறெதுவும் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் அரபுச் சொற்களையும் யாராவது தமிழ் எழுத்தில் போட்டுவிட முடியுமா?

பழைய ஏடு

இதோ: "இன்ன லில்லாஹி மா அகத, வலஹு மா அஃதா, வகுல்லுன் இந்தஹு பிஅஜலின் முஸம்மா, ஃபல்தஸ்பிர் வல்தஹ்தஸிப்." கடைசி இரண்டு சொற்கள் 'அவள் பொறுமை கொள்ளட்டும், நற்கூலியை எதிர்பார்க்கட்டும்' என்று படர்க்கையில் இருக்கின்றன, தூது அனுப்பியதால் அப்படி. நேரில் ஒரு பெண்ணிடம் சொல்லும்போது "ஃபஸ்பிரீ வஹ்தஸிபீ" என்று சொல்ல வேண்டும்.